குறை தேடும் வேலை

அம்மாவிடம் சொல்வதற்கு முன்
சூ லிங்கிடம் சொன்னேன்.
அமிலம் புழங்கும் பகுதியில் நிற்பவள் நான்.
படிவம் நிரப்பச் சொன்னாள் முதலில்,
பிறகுதான் கட்டிப்பிடித்தாள்.
அப்போது நீ எள்ளளவு.
முதுகு நெடுக ஒரு பிளவு,
அது தன்னைத் தானே மூடிக்கொண்டிருந்தது;
மூளை எது, தண்டுவடம் எது என்று
இன்னும் பிரியாத ஒரே குழாய்.
நானோ அட்மிரல்ட்டி கோப்பிக்கடையில்
மீ கோரெங் வாசனைக்கு ஓடிப்போய்
வடிகால் பக்கம் குனிந்திருந்தேன்.

அடுத்த நாளே இடம் மாற்றினார்கள்.
இப்போது எனக்கு நாற்காலி, நுண்ணோக்கி,
தட்டுத் தட்டாய் வரும் சிலிக்கான் வில்லைகள்.
தூசு, கீறல், இடம் தவறிய கோடு
கண்டால் சிவப்புக் குறி.
பன்னிரண்டு மணி நேரம்
குறை தேடுவதற்குச் சம்பளம்.

வெள்ளை அங்கி, முகமூடி, இரட்டைக் கையுறை.
பொட்டும் பவுடரும் வாசலோடு சரி.
தோலில் உதிரும் துகள்கூட ஆகாத அறைக்குள்
உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்,
யாரும் தடுக்கவில்லை.

பழைய வேலையில் கற்றது ஒன்று:
கோட்டை யாரும் வரைவதில்லை.
சுற்றி இருப்பதை அமிலம் தின்னும்,
மிஞ்சுவது கோடு.
உன் விரல்களும் அப்படித்தானாம்.
முதலில் துடுப்பு மாதிரி ஒரு கை,
பிறகு நடுநடுவே இருந்த உயிரணுக்கள்
தாமாகச் செத்து வழிவிட
ஐந்து விரல்.
இரவு இரண்டு மணி இடைவேளையில் இதைப் படித்தேன்.
பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு
என் விரல்களின் இடைவெளியைப்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
எத்தனை பேர் செத்த இடம்.

பரணிக்கு இதெல்லாம் வேண்டாம்.
கைபேசிச் செயலி ஞாயிறுதோறும் ஒரு பழம் சொல்லும்,
ஈரச்சந்தையில் அதை வாங்கி வந்து
மேசையில் வைத்து நலம் விசாரிப்பான்.
எலுமிச்சை. ஆப்பிள். மாம்பழம்.
டுரியான் எந்த வாரம் என்று கேட்டான்.
முறைத்தேன்.

இருபதாம் வாரம், கே.கே. மருத்துவமனை.
குளிர்ந்த பசை. சட்டையில் ரோஸ்னானி என்ற பெயரட்டை.
இதயத்தில் நான்கு அறை எண்ணினாள்,
தொடையெலும்பை அளந்தாள்,
சிறுநீரகம் இரண்டு என்றாள்.
நீ வாயைத் திறந்து
நீ மிதக்கும் நீரையே விழுங்கினாய்.
பிறகு அவள் பேசவில்லை.
கருவியை அதே இடத்துக்கு மறுபடி கொண்டுபோனாள்.

நான் பார்த்துவிட்டேன்.
பதினான்கு வாரப் பழக்கம், கண் தானாகப் போகிறது.
உன் இதயத்தின் இடது அறையில்
ஒரு வெண்புள்ளி.
அது துடிக்கும்போதெல்லாம் இதுவும் துள்ளியது.
என் ஆள்காட்டி விரல்
படுக்கை விரிப்பில்
சிவப்புக் குறிப் பொத்தானைத் தேடியது.

மருத்துவர் நிதானமாகச் சொன்னார்:
நிறையக் குழந்தைகளுக்கு உண்டு,
இதயத்துக்கு இதனால் ஒன்றுமில்லை,
மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது.
“பிறகு ஏன் காட்டினீர்கள்?”
“நாங்கள் காட்டவில்லை. நீங்கள்தான் பார்த்தீர்கள்.”

அன்றிரவு
ஒரு வில்லையின் ஓரத்தில் வெண்புள்ளி.
குறிக்காமல் விட்டேன் என்று எழுத ஆசைதான்.
குறித்தேன்.
தட்டு நகர்ந்தது.
உள்ளே ஓர் உதை, அல்லது வாயு.

இருபத்தெட்டு இப்போது.
உன் இமைகள் பிரிந்திருக்கும்.
வேலை முடிந்து ரயிலில் திரும்புகிறேன்,
சன்னல் வழியே காலை வெயில்
நேராக வயிற்றில் விழுகிறது.
சட்டை, தோல், தசை, நீர் எல்லாம் தாண்டி
உனக்கு அது சிவப்பாகத்தான் தெரியுமாம்.
அதைப் பார்த்தோ என்னவோ
உனக்கு விக்கல்.
கையை வைத்து எண்ணிக்கொண்டு வந்தேன்,
பதினாறு, பதினேழு,
இடைவெளி சமமாக இருக்கிறதா என்று.
செம்பவாங்கில் கதவு திறந்தது.
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.
நீ விக்கிக்கொண்டே இருந்தாய்.